மாலைப்பொழுதும் சாவக இல்லமும்



விழா மேடையில் தீர்த்தங்கரர் வரலாற்றையோ, காப்பியச் சிறப்பையோ, மலைக்குகைகளில் முனிவர்கள் தங்கிய கற்படுக்கைகளையோ பேசுவது மரபு. இங்கு எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் மிகச் சிறியது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. அன்று வீட்டில் விழா இல்லை, நோன்பு இல்லை, விருந்தினர் வரவும் இல்லை. தசலட்சணப் பருவம் ஆண்டில் 10 நாள். நந்தீசுவர நோன்பு ஆண்டுக்கு மூன்று முறை, முறைக்கு 8 நாள். அட்டமியும் சதுர்த்தசியும் மாதத்திற்கு 4 நாள். இவற்றை எல்லாம் கூட்டிக் கழித்தாலும் மிஞ்சி நிற்பவை பெயரில்லாத நாள்களே. சாவகர் ஒருவரின் வாழ்நாளில் பெரும்பகுதி அந்நாள்களிலேதான் கழிகின்றது. அந்நாள்களிலும் பகல் அலுவலகத்திற்கு உரியது. இரவு உறக்கத்திற்கு உரியது. குடும்பத்திற்கென்று எஞ்சுவது மாலை ஒன்றே. ஆகவே அதைப் பற்றிப் பேசுவது விழாவுக்குப் பொருந்தாததாகாது.

வந்தவாசி, ஆரணி, போளூர், திண்டிவனம் வட்டங்களில் பிறந்து வளர்ந்த முதியோர்க்கு மாலை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நெல்லும் மணிலாவும் பயிரிட்ட வீடுகளில் கதிரவனே கடிகாரமாக இருந்தான். மாடுகள் கொட்டிலுக்குத் திரும்பும்போதே அடுப்பு மூட்டப்பட்டிருக்கும். பொழுது மேற்கே சாய்வதற்குள் குழந்தை முதல் கிழவர் வரை உண்டு கை கழுவியிருப்பர். பாத்திரங்கள் கவிழ்க்கப்பட்டிருக்கும். அதன்பின் ஸ்ரீகோயில் மணி, தீப ஆராதனை, திரும்பி வந்தால் திண்ணை. உழைப்பு பொழுதோடு முடிந்தமையால் உணவும் பொழுதோடு முடிந்தது. அந்த வாழ்க்கையில் இரவுண்ணாமை என்பது ஒரு விரதம் என்று தோன்றியிருக்கவே இடமில்லை. அது வீட்டின் இயல்பாக இருந்தது. விரதம் என்னும் பெயர் அதற்குத் தேவைப்பட்டது, அக்குடும்பங்கள் நகரத்திற்குக் குடிபெயர்ந்த பின்புதான்.

இவ்வொழுக்கத்தின் காரணத்தை இளையோர் அறிந்திருத்தல் நன்று. செரிமானத்திற்கு நல்லது, உடல் எடை குறையும் என்பன இன்று பலர் கூறும் காரணங்கள். அவை உண்மையாயினும் அவை நம் முன்னோர் கூறிய காரணங்கள் அல்ல. அவர்கள் கூறியது ஒன்றே: உயிர்க்கொலை அஞ்சுதல். கதிரவன் மறைந்தபின் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள் பெருகுகின்றன. விளக்கை நாடி வரும் பூச்சிகள் அடுப்பிலும் உணவிலும் வீழ்கின்றன. காணாமல் உண்பவன் அவற்றின் சாவுக்குக் காரணமாகின்றான். நீரைத் துணியால் வடிகட்டிப் பருகுவதும், அத்துணியில் தங்கியதை எடுத்த நீர்நிலையிலேயே திரும்ப விடுவதும் இதே அச்சத்தின் விளைவு. தன் உடல்நலத்திற்காகச் செய்வது வேறு. பிற உயிர்க்காகச் செய்வது வேறு. முன்னதை மருத்துவர் வேண்டாமென்றால் விட்டுவிடலாம். பின்னதை அவ்வாறு விட இயலாது.

முழுமையாகக் கடைப்பிடிப்போர், கதிரவன் மறைவதற்கு இரண்டு நாழிகைக்கு முன்பே, அதாவது 48 நிமிடங்களுக்கு முன்பே, உணவை முடித்துக்கொள்வர். சென்னையில் கார்த்திகைத் தொடக்கத்தில் கதிரவன் மாலை 5.40 அளவில் மறைகின்றான். ஆனி இறுதியில் 6.40 அளவில் மறைகின்றான். அவ்வாறாயின் குளிர்காலத்தில் 4.50 மணிக்குள்ளும் வேனிலில் 5.50 மணிக்குள்ளும் உண்டு முடிக்க வேண்டும். 4.50 மணிக்கு நகரத்தில் எந்தத் தந்தை வீட்டில் இருக்கின்றார்? எந்தத் தாய் இருக்கின்றார்? பள்ளிப் பேருந்தே அப்போதுதான் தெருமுனைக்கு வந்துகொண்டிருக்கும்.

சென்னையின் புறநகராகிய தாம்பரத்தில் வாழும் ஒரு குடும்பத்தின் மாலையை இங்கே எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டியதில்லை. இப்படிப்பட்ட வீடு பலருடைய தெருவிலும் இருக்கும். சிலருக்கு அது தம் வீடாகவே தோன்றலாம். தாய் கிண்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகின்றார். தந்தைக்கு ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை. மகன் பத்தாம் வகுப்பு. மகள் நான்காம் வகுப்பு. தந்தையின் தாயாரும் உடன் இருக்கின்றார். வந்தவாசிப் பக்கத்து ஊரில் இருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பேரப்பிள்ளைகளுக்காக நகரத்திற்கு வந்தவர் அவர்.

தாயின் அலுவலகம் 5.30 மணிக்கு முடிகின்றது. மின்தொடர் வண்டி ஆனி மாதத்தில் பல்லாவரத்தைக் கடக்கும்போது சன்னல் வழியே கதிரவன் இன்னும் தெரிகின்றான். கார்த்திகையில் அவர் கிண்டி நிலையத்தின் படியேறும்போதே இருட்டிவிடுகின்றது. திருமணமாகி வந்த தொடக்கத்தில் அவர் மாலையில் ஒன்றும் உண்ணாமலேயே இருந்து பார்த்தார். பகல் ஒரு மணிக்கு உண்டவர், மறுநாள் காலை எட்டு மணிக்கு உண்பார். இளமையில் அது இயன்றது. இரண்டாவது மகப்பேற்றுக்குப் பின் தலைச்சுற்றல் வந்தது. அப்போது மாமியார் ஒரு வழி சொன்னார். பகலுணவுப் பாத்திரத்தோடு இன்னொரு சிறு பாத்திரமும் எடுத்துச் செல். ஐந்து மணிக்குத் தேநீருக்கு எல்லாரும் எழுவார்களே, அப்போது நீ உண்டுவிடு என்றார். அன்று முதல் நான்கு இட்டலியோ, தயிர்ச்சோறோ, இரண்டு சப்பாத்தியோ அந்த இரண்டாவது பாத்திரத்தில் செல்கின்றது. அலுவலகத்தில் முதலில் சிலர் சிரித்தனர். இப்போது ஐந்து மணியாகிவிட்டது என்பதை அவர் பாத்திரம் திறக்கும் ஓசை கேட்டே அறிவதாகக் கூறுகின்றனர்.

இதனால் விரதம் காக்கப்பட்டது. ஆனால் வேறொன்று போயிற்று. அவர் வீட்டில் வார நாள்களில் எவரோடும் அமர்ந்து உண்பதில்லை. மாமியாரும் மகளும் ஐந்தரைக்குள் உண்டுவிடுகின்றனர். மகன் பள்ளி முடிந்து நேரே தனிப்பயிற்சி வகுப்புக்குச் சென்று ஏழு மணிக்குப் பசியோடு வருகின்றான். தந்தை எட்டரைக்கு வருகின்றார். ஐந்து பேர் உள்ள வீட்டில் நான்கு வேளைகளில், ஓர் அலுவலகத்தையும் சேர்த்து இரண்டு இடங்களில், இரவுணவு நடைபெறுகின்றது. உண்ணாத தாய், உண்பவர்க்காக ஏழரைக்கு ஒருமுறையும் எட்டே முக்காலுக்கு ஒருமுறையும் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுகின்றார்.

இங்கே ஒன்றைத் தயக்கமின்றிக் கூற வேண்டும். இரவுண்ணாமையின் காரணம் உயிர்க்கொலை அஞ்சுதல் எனின், இரவில் அடுப்பு எரிவதும் அதே கொலைக்கு இடமாவதே. உண்பவர் யார் என்பது பூச்சிக்குத் தெரியாது. பெண்கள் விரதம் காக்கட்டும், ஆண்களுக்கு வேலை அப்படி என்று நம் வீடுகளில் வழங்கும் ஒரு பேச்சு உண்டு. அப்பேச்சின்படி அறம் பெண்ணுக்கு இரட்டைச் சுமையாகின்றது. தான் உண்ணாமலும் இருக்க வேண்டும், பிறர் உண்ணச் சமைத்தும் தர வேண்டும். சாவகர் ஒழுக்கம் ஆண், பெண் என்று பிரித்துச் சொல்லப்பட்டதன்று. சாவகனுக்குரிய பதினொரு நிலைகளுள் ஆறாவதாக இரவுண்ணாமையை வைத்த இரத்தின கரண்டகம், வேலைக்குச் செல்பவனுக்கு விலக்கு ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அந்நூலைத் தழுவித் தமிழில் குறள் வெண்பாவால் அமைந்த அருங்கலச்செப்பும் எழுதி வைக்கவில்லை.

அதே வேளையில், நூல்கள் இரக்கமில்லாதவை அல்ல. பதினொரு நிலைகள் என்று வகுத்ததே படிப்படியாக ஏறுவதற்காக. உணவை அன்னம், பானம், கடித்து உண்பன, நக்கி உண்பன என நால்வகையாகப் பகுத்து நூல்கள் கூறுகின்றன. நான்கையும் ஒரே நாளில் விட இயலாதவர், முதலில் அன்னத்தை விட்டுப் பாலும் பழமும் கொள்வதை நம் வீடுகளில் காணலாம். முழுமையாக இல்லையேல் ஒன்றுமே இல்லை என்று சொல்வது பிடிவாதம்; அது நெறியன்று. ஆனால் படியில் முதற்காலை வைத்தவர் அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிடுவதும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வொழுக்கம் எளிதில் நம் கைக்கு வந்ததன்று என்பதை இளையோர் ஒருமுறையேனும் கேட்டிருக்க வேண்டும். செஞ்சிப் பகுதியில் 1478-ஆம் ஆண்டை ஒட்டிச் சமணர்க்கு நேர்ந்த இடரைப் பற்றிய செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. தென்னார்க்காடு மாவட்ட விவரத் தொகுப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. பலர் அஞ்சித் தம் சமயக் கோலத்தை மறைத்துக்கொண்டனர். அப்போது திண்டிவனத்தை அடுத்த வேலூரில் ஒருவர் சமண முறையில் வழிபட்டமையால் பிடிபட்டார். மன்னனுக்கு அப்போது மகவு பிறந்திருந்தமையால் உயிர் தப்பினார். அவரே பின்னர்ச் சிரவணபெளகொளா சென்று துறவு பூண்டு, திரும்பி வந்து, மறைந்திருந்த குடும்பங்களை மீண்டும் நெறிப்படுத்தினார் என்பது அச்செய்தி. வீட்டுக்குள் ஒருவர் அமைதியாகச் செய்யும் செயலே அவர் யார் என்பதைக் காட்டிக் கொடுத்த காலம் அது. இன்று எவரும் பிடித்துச் செல்வதில்லை. இன்றைய தடை தனிப்பயிற்சி வகுப்பின் நேர அட்டவணை, அவ்வளவே.

மீண்டும் தாம்பரத்து வீட்டுக்கு வருவோம்.

தாய் 6.45 மணிக்கு வீடு சேர்கின்றார். கை கால் கழுவி, விளக்கேற்றி, மகளையும் மாமியாரையும் அருகில் அமர்த்திப் பஞ்ச நமஸ்காரம் சொல்கின்றார். ஐந்து நிமிடம். மகள் சொல்லும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு மிக வேகமாகச் சொல்லி முடிப்பாள். மெதுவாகச் சொல் என்றால், 'மெதுவா சொன்னா மறந்துடும் அம்மா' என்பாள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பெரியவர்களிலும் பலர் அப்படித்தான் சொல்கின்றனர்.

ஏழு மணிக்குத் தொலைக்காட்சி. இங்கே பாட்டியாரைப் பற்றி ஒரு சொல். வெங்காயம் தொடமாட்டார்; வடிகட்டாத நீர் பருகமாட்டார்; பொழுது சாய்ந்தபின் மருந்து மாத்திரைக்குக்கூட எப்படி நீர் கொள்வது என்று மருத்துவரிடம் வாதிட்டவர். ஆனால் ஏழு மணித் தொடரை விடமாட்டார். அதில் மாமியார் மருமகளுக்குப் பாலில் நஞ்சு கலப்பார். மருமகள் மாமியாரைப் படியிலிருந்து தள்ள ஆள் வைப்பார். ஒருநாள் பேரன் கைப்பேசியில் துப்பாக்கி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். திரையில் மனித உருவங்கள் வீழ்ந்துகொண்டிருந்தன. பாட்டியார் அதைக் கண்டு, 'சாவகர் வீட்டுப் பிள்ளை செய்யிற காரியமா இது?' என்றார். பேரன், 'ஆயா, இது விளையாட்டு. ஒருத்தரும் சாகலை' என்றான்.

அதற்குப் பாட்டியார் சொன்ன விடை, இவ்வுரையில் எடுத்துக் காட்டத் தகுந்தது. தொடரின் ஒலியைக் குறைத்துவிட்டு, யசோதர மன்னன் கதையைத் தொடங்கினார். அரசன் தீக்கனாக் கண்டதாகத் தாயிடம் சொன்னான். தாய் சந்திரமதி, தேவிக்கு உயிர்ப்பலி கொடு என்றாள். அரசன் கொலைக்கு அஞ்சி மறுத்தான். அப்படியானால் மாவினால் ஒரு கோழி செய்து பலியிடு என்றாள் தாய். தாய்ச்சொல் தட்டாமல் மாக்கோழி ஒன்றைச் செய்து வாளால் வெட்டினான். அங்கே ஓர் உயிரும் சாகவில்லை. வெட்டுண்டது வெறும் மாவு. ஆயினும் கொல்லும் எண்ணம் அவன் உள்ளத்தில் இருந்ததனால், அத்தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் உழன்று துன்புற்றனர். (அரசி செய்த பிழையையும், அதை மறைக்கவே அரசன் தீக்கனா என்று பொய் சொன்னான் என்பதையும் பாட்டியார் எப்போதும் விட்டுவிடுவார். பிள்ளைகள் பெரியவர்களானபின் நூலில் படித்துக்கொள்ளட்டும் என்பது அவர் கொள்கை.)

மகள் மாவைக் கொன்றால் பாவமா, அப்படியானால் தோசை சுடுவதும் பாவமா என்று கேட்டாள். மகன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, 'அப்போ உங்க சீரியல்ல நேத்து பால்ல விஷம் கலந்தாங்களே, அதை உட்கார்ந்து பாக்குறது?' என்றான்.

இக்கேள்விக்கும் நம் நூல்களில் இடம் உண்டு. பயனின்றிப் பாவத்தை ஈட்டும் செயல்களை அனர்த்த தண்டம் என்று கூறி, அதை ஐந்தாகப் பகுத்துள்ளனர். கொலைக்கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தல் அவற்றுள் ஒன்று. பிறர் கெட வேண்டும் என்று நினைத்தல் ஒன்று. உள்ளத்தைக் கலக்கும் தீய கதைகளைக் கேட்டல் இன்னொன்று. ஏழு மணித் தொடர் இந்த மூன்றாவதற்குள் அடங்குமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். பாட்டியார் பேரனை அதட்டவில்லை. 'நீயும் விடு, நானும் விடுகிறேன்' என்றும் உடனே சொல்லிவிடவில்லை. அவ்வளவு எளிதாக எவரும் எதையும் விடுவதில்லை. இரண்டு நாள் கழித்து, தாய் வேலையிலிருந்து வந்தபோது தொலைக்காட்சி அணைந்திருந்தது. காரணம் கேட்டதற்கு, கண் வலிக்கிறது என்றார். அவன் கைப்பேசி எங்கே என்று தாய் கேட்கவில்லை. அது மாமியாரின் மடியில் இருந்தது.

தாய் இதிலிருந்து ஒரு வழக்கத்தை உருவாக்கினார். சாவகனுக்குரிய நான்கு சிட்சா விரதங்களுள் தேசாவகாசிகம் என்பது ஒன்று. இவ்வளவு காலத்திற்கு இந்த வீட்டை, இந்தத் தெருவை, இந்த ஆற்றைத் தாண்டிச் செல்லேன் என்று எல்லை வகுத்துக்கொள்வது அது. முன்னோர்க்கு உலகம் கால்வழியாக வந்தது. ஆகவே காலுக்கு எல்லை கட்டினர். இன்று உலகம் கைவழியாக வருகின்றது. ஏழரை முதல் எட்டரை வரை வீட்டிலுள்ள கைப்பேசிகள் யாவும் சமையலறை மேடையில் உள்ள பழைய அலுமினியத் தூக்கில் போடப்பட வேண்டும் என்று அவர் விதித்தார். முதல் வாரத்தில் அத்தூக்கு அடிக்கடி அதிர்ந்தது. அலுவலக மேலாளரின் அழைப்பு இரண்டு தவறின. மறுநாள் அவர் கேட்டபோது, தூக்கில் இருந்தது என்று சொன்னதை அவர் எப்படிப் புரிந்துகொண்டாரோ தெரியவில்லை. அதன்பின் அந்நேரத்தில் அழைப்பதில்லை.

அந்த ஒரு மணி நேரம் இனிமையாகவே கழிகின்றது என்று கூறினால் அது பொய்யாகும். அதுதான் வீட்டுப்பாட நேரம். காலாண்டுத் தேர்வின் கணக்குத் தாள் வந்த செவ்வாய்க்கிழமை அது. மகன் தாளை இரண்டு நாளாகப் பையில் மறைத்து வைத்திருந்தான். 100-க்கு 41. தாய் நாள் முழுதும் பிறருடைய கணக்கைச் சரிபார்த்துவிட்டு, வண்டியில் நின்றுகொண்டே வந்தவர். தாளைக் கண்டதும் அவர் வாயிலிருந்து வந்த சொற்களை இங்கே திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாப் பெற்றோரும் அறிந்த சொற்கள் அவை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயர் அதில் வந்தது. கட்டணமாகக் கட்டிய தொகை வந்தது. தந்தையின் கால்வலி வந்தது. கடைசியில், உன்னைப் பெற்றதற்கு என்று தொடங்கும் வாக்கியம் ஒன்று வந்தது.

மகன் தோசைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான்.

எறும்பு மிதிபடக் கூடாது என்று குனிந்து பார்த்து நடக்கப் பழக்கிய வீடு அது. பூச்சி வீழும் என்று பொழுதோடு அடுப்பை அணைக்க விரும்பிய தாய் அவர். கொலை என்பது உடலால் மட்டும் நிகழ்வதன்று; மனம், மொழி, மெய் மூன்றாலும் நிகழ்வது என்பதை நம் பாடசாலையில் முதலாண்டிலேயே கற்பிக்கின்றோம். உணவில் நாம் காட்டும் கூர்மையில் பத்தில் ஒரு பங்கையேனும் பிள்ளைகளிடம் பேசும் பேச்சில் காட்டுகின்றோமா? வெங்காயம் விழுந்த சாம்பாரைத் தட்டோடு ஒதுக்கும் நாம், இகழ்ச்சி விழுந்த சொல்லைச் சூடாகவே பரிமாறுகின்றோம். இது அந்தத் தாய் ஒருவருக்கு மட்டும் உரிய குற்றமன்று. தந்தையர் இதில் சற்றும் குறைந்தவர் அல்லர். அவர்கள் தாமதமாக வருவதனால் தாமதமாகத் தொடங்குகின்றனர், அவ்வளவே.

தாய் அன்று சாமாயிகத்திற்கு அமர்ந்தார். ஒரு முழு முகூர்த்தமாகிய 48 நிமிடம் அமர்வது அவரால் இயலாது. வழக்கமாக 15 நிமிடம். சாமாயிகம் என்பது எல்லா உயிரிடத்தும் சமநிலை கொள்ளுதல். எல்லா உயிர் என்பதில் அடுத்த அறையில் பசியோடு படுத்திருக்கும் உயிரும் அடங்கும் என்பது அமர்ந்த இரண்டாவது நிமிடத்திலேயே அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஏனெனில் அன்று அவர் 15 நிமிடம் அமரவில்லை. எழுந்து மகனிடம் சென்றார்.

தசலட்சணப் பருவம் நிறைவுற்றபின் ஒருநாள் நாம் ஒருவரிடம் ஒருவர் பொறுத்தருள வேண்டுகின்றோம். கோயிலில் சந்திப்போர் கைகூப்புகின்றனர். வெளியூரில் இருப்போர்க்குக் கைப்பேசியில் வாழ்த்துப் படம் அனுப்புகின்றோம். ஆண்டு முழுவதும் பார்க்காத ஒருவரிடம், நான் உமக்கு ஏதேனும் தீங்கு செய்திருந்தால் பொறுத்தருள்க என்கின்றோம். பார்க்காத ஒருவருக்கு என்ன தீங்கு செய்திருக்க முடியும்? தீங்கு செய்யப்படுவோர் வீட்டிலேயே இருக்கின்றனர். அவர்களிடம் அச்சொல்லைச் சொல்லக் கூச்சமாக இருக்கின்றது. அதிலும் பெற்றவர் பிள்ளையிடம் சொல்வது தம் நிலைக்குத் தாழ்வு என்று கருதுகின்றோம். துறவியரும் நாள்தோறும் தம் பிழையை எண்ணிப் பார்த்துப் பிரதிக்கிரமணம் செய்யும் ஒரு நெறியில், பெற்றோர்க்கு மட்டும் எங்கிருந்து இந்த உயரம் வந்தது?

தாய் சொன்னது மிகச் சிறிது. 'கடைசியா சொன்னதை நான் சொல்லியிருக்கக் கூடாது. பொறுத்துக்கோ. மார்க்கைப் பத்தி நாளைக்குப் பேசலாம், அதை விடப்போறதில்லை.' மகன் சுவர்ப்பக்கம் திரும்பியே இருந்தான். சற்று நேரம் கழித்து, தோசை ஆறிப் போயிருக்கும் என்றான். வேறு சுட்டுத் தருகிறேன் என்றார் தாய். வேண்டாம், இனி இரவாகிவிட்டது, பால் போதும் என்றான். அவன் ஏழரைக்கு உண்ணத் தொடங்கியபோதும் இரவுதான். அதைத் தாய் சுட்டிக்காட்டவில்லை.

எட்டரைக்குத் தந்தை வந்தார். அவர் நல்ல மனிதர். கோயில் திருப்பணிக்குக் கொடுப்பவர். முக்குடை விழாவுக்குத் தவறாமல் ஊர் செல்பவர். இரவுணவைப் பற்றிக் கேட்டால், ஓய்வு பெற்றபின் தொடங்கிவிடுவேன் என்பார். அன்று வழக்கம்போல் தட்டின் முன் அமர்ந்தார். மகள், 'அப்பா, அம்மா மாதிரி நீங்களும் ரெண்டாவது டப்பா எடுத்துட்டுப் போனா என்ன?' என்றாள். அவர் சிரித்தார். தொழிற்சாலையில் அதற்கெல்லாம் நேரம் தரமாட்டார்கள் என்றார். நான்கு மணிக்குத் தேநீர் இடைவேளை 15 நிமிடம் உண்டென்று அவரே முன்பொருநாள் சொன்னதைப் பாட்டியார் நினைவூட்டினார். வீட்டில் ஒரு கணம் அமைதி நிலவியது.

இவ்விடத்தில் சங்கப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீடுகளை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. நம் கூட்டங்கள் சில மாலை ஏழு மணிக்குக் கூடுகின்றன. ஒன்பது மணிக்குச் சிற்றுண்டியோடு கலைகின்றன. நம்மவர் திருமண வரவேற்புகள் சிலவற்றில் இரவு எட்டரைக்குத்தான் பந்தி தொடங்குகின்றது. முதியோர் சிலர் நாலரைக்கே வீட்டில் உண்டுவிட்டு வந்து, விருந்து மண்டபத்தில் வெற்றுக் கையோடு அமர்ந்திருப்பதைக் காணலாம். பிள்ளைகள் அதையும் பார்க்கின்றனர்; பந்தியையும் பார்க்கின்றனர். எது நம் வழக்கம் என்று அவர்கள் கேட்டால் எதைச் சுட்டுவது? வரவேற்பை நான்கு மணிக்கு வைத்து, ஆறு மணிக்குள் பந்தியை முடிக்கும் குடும்பங்களும் நம்மிடையே இருக்கின்றன. வெளியார் முதலில் வியப்படைகின்றனர். பின்னர், நேரத்தோடு வீடு சேர்ந்தோம் என்று மகிழ்கின்றனர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி தவிர்க்க இயலாதது எனின், ஐந்து மணிக்கு அப்பிள்ளைகள் உண்ண வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்குமாறு ஆசிரியரிடம் கேட்பது பெரிய காரியமன்று. கேட்டால் மறுக்கும் ஆசிரியர் குறைவு. நாம் கேட்பதில்லை, நம் வழக்கத்தைச் சொல்ல நாணுகின்றோம்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் ஒரு சொல். வார நாள்களில் ஐவரும் ஒருங்கே உண்ண இயலாத அவ்வீட்டில், ஞாயிறு மாலை ஐந்து மணி மட்டும் மாறாதது. அன்று மகனுக்கு வகுப்பு இல்லை. மொட்டைமாடியில் பாய் விரித்து, வெளிச்சத்திலேயே அமர்கின்றனர். பாட்டியார் கையால் பிசைந்த உருண்டைச் சோறு. ஒவ்வொருவர் கையிலும் ஒன்று. கடைசி உருண்டை யாருக்கு என்ற சண்டை. அதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்னும் அவசரம். வாரத்தில் ஒரு மாலையேனும் இப்படி ஒதுக்க இயலாத வீடு நம் சமுதாயத்தில் இராது. ஆறு நாள் இயலவில்லை என்பதற்காக ஏழாவது நாளையும் தொலைக்காட்சிக்கு முன் தனித்தனித் தட்டுகளோடு கழித்துவிட வேண்டியதில்லை.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள் காலை தாம்பரத்து வீட்டுச் சமையலறை மேடையில் ஆறு பாத்திரங்கள் இருந்தன. மகளுக்கு ஒன்று, தாய்க்கு இரண்டு, தந்தைக்கு வழக்கமான ஒன்று, மகனுக்கு இரண்டு. மகனுடைய இரண்டாவதில் எலுமிச்சைச் சோறு இருந்தது. வகுப்பு ஆசிரியரிடம் தாய் கைப்பேசியில் பேசியிருந்தார். ஏழாவதாக ஒன்று, கழுவித் துடைத்து, மூடி திறந்தபடி ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதில் என்ன வைப்பது என்று யாரும் கேட்கவில்லை. தந்தை காலணி அணிந்துகொண்டே அதைப் பார்த்தார். 'எலுமிச்சைச் சோறு மீதி இருக்குதா?' என்றார்.